களைப்புக்கு மதிப்பெண் கிடையாது

அன்பும் மரியாதையும் உள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதி, பிறகு கோடு போட்டு அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிவது அதுதான். உங்கள் முழங்கால் வலியும் அண்ணியின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்டு நடப்பதாக நம்புகிறேன்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் போனில் "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போகட்டுமாம்மா?" என்று கேட்பதும், நான் "வீட்டுல வெள்ளையடிக்கிறாங்க அண்ணா, முடியட்டும்" என்று சொல்வதும் வாடிக்கையாகிவிட்டது. இந்த வீட்டுக்கு இதுவரை ஏழு முறை வெள்ளையடித்தாயிற்று, சுவர் தாங்குமா? உண்மை என்னவென்றால், நீங்கள் வந்தால் நான் நடப்பதைப் பார்ப்பீர்கள். பார்த்தால் அன்றைக்கே என் துணிமணியைப் பெட்டியில் போட்டு உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவீர்கள். அந்தப் பயம்தான். டாக்டர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் என்றார். உங்களிடம் நான் "நரம்புல ஏதோ லேசா" என்றேன். லேசாக ஒன்றும் இல்லை. நரம்பின் மேலுறை அங்கங்கே கெட்டுப்போய், மூளை போடும் உத்தரவு காலுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது. சில நாள் சேருவதே இல்லை.

இந்த நோயோடு மனிதர்கள் அன்றாடம் எப்படிக் காலம் தள்ளுகிறார்கள் என்று ஓர் ஆய்வு நடக்கிறது, தன்னார்வலர்கள் தேவை என்று ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்தார்கள். சும்மா படுத்துக் கிடப்பதற்கு நாலு பேருக்கு உபயோகமாகப் படுத்துக் கிடப்போமே என்று பெயர் கொடுத்தேன். முப்பத்தொரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் கையில் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை பாவம். "கடந்த நான்கு வாரங்களில் களைப்பாக உணர்ந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில சமயம், அடிக்கடி, எப்போதும்" என்று கேட்டிருந்தது. உங்கள் மாப்பிள்ளை என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "முதல் கட்டம்தான் சரியான விடை மாதிரி இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நாற்பது கேள்விக்கும் முதல் கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதோடு விட்டோமா? ஒன்பது ஓட்டை உள்ள பலகையில் குச்சிகளைச் சொருகி எடுக்க வேண்டும், நேரம் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதும், அதே மாதிரி ஒரு பலகை செய்ய அவர் டிரில்லிங் மெஷினைத் தூக்கிவிட்டார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த கை, அளவு இம்மி பிசகவில்லை. பதினைந்து நாள் வீட்டில் குச்சி சொருகும் பயிற்சி. நடைத் தேர்வுக்கு வராந்தாவில் சாக்பீஸ் கோடு. தேர்வுக்கு முன்பே கேள்வித்தாளை வாங்கிப் படித்த பிள்ளைகளை நான் எத்தனை பேரை வெளியே அனுப்பியிருக்கிறேன், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் கையில் கட்ட ஒரு வாட்ச் கொடுத்தார்கள். எத்தனை அடி நடந்தேன், எத்தனை மாடி ஏறினேன் என்று அது ஆய்வு நர்ஸுக்குக் கோள் சொல்லும். முதல் நாள் சாயங்காலம் அதில் இருநூற்றுப் பன்னிரண்டு அடிதான் காட்டியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "குடு, நான் கொஞ்சம் நடக்க வச்சுக் கொண்டாறேன்" என்று அவர் தன் கையில் கட்டிக்கொண்டு கிளம்பினார். தினமும் அதே கதை. அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிஃப்டில் ஏற மாட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்.

ஒரு மாதம் கழித்து நர்ஸ் எங்களைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, பன்னண்டாம் தேதி காலைல ஒம்பது மாடி ஏறியிருக்கீங்க."

"ஆமாம்மா" என்றேன்.

"அதே நேரத்துல பத்து நிமிஷம் என்கிட்ட போன்ல பேசிட்டிருந்தீங்க. உங்களுக்கு மூச்சே வாங்கலியே?"

உங்கள் மாப்பிள்ளை சுவரில் மாட்டியிருந்த கண்பரிசோதனை அட்டையை உற்றுப் படிக்க ஆரம்பித்தார். நான் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், பலகை உட்பட. ஆய்விலிருந்து பேரை அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது பரீட்சை இல்லம்மா. இதுல யாரும் பெயிலாக முடியாது. களைப்போட எப்படி வாழுறீங்கன்னு கேட்டா, களைப்பே இல்லைன்னு எழுதினா நாங்க யாருக்கு என்ன பண்ண முடியும்?" என்று சொல்லி, ஒரு மாதக் கணக்கையும் தள்ளிவிட்டு, புதுத் தாள் கொடுத்தாள்.

வீட்டில் உட்கார்ந்து அவர் கேள்விகளை வாசிக்க நான் பதில் சொன்னேன். களைப்புக் கேள்வி வந்தது. "எப்போதும்" என்றேன்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

"தலை வாரும்போது கூடவா?"

"அப்பத்தான் ஜாஸ்தி. கையைத் தூக்கவே முடியறதில்லை."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் பார்த்தால் கண்ணாடி தாழ்ந்திருந்தது, அதன் முன்னால் ஒரு நாற்காலி, கைக்கு முட்டுக்கொடுக்கப் பக்கத்தில் ஒரு பலகை. அண்ணா, சத்தியமாகச் சொல்கிறேன், தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது. நேற்று வாட்ச் நூற்றெண்பது அடி காட்டியது. அத்தனையும் நான் நடந்தது. நர்ஸ் "ரொம்ப நல்ல தகவல்மா" என்றாள். சோர்ந்து படுத்ததற்கு என்னை யாரும் இதுவரை பாராட்டியதில்லை.

ஆகவே நீங்கள் பதறி ஓடி வர வேண்டாம். மறைத்ததைச் சொல்லிவிட்டேன், மனசு நிம்மதி. இனி நான் யாரிடமும் பொய் சொல்லப் போவதில்லை. அண்ணிக்கு என் நமஸ்காரம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள்.

இப்படிக்கு,
என்றும் உண்மை பேசும்
உங்கள் தங்கை

பின்குறிப்பு: ஆய்வுக்காகக் குடும்பத்தில் இன்னொருவரிடமும் பேசுவார்களாம். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், வருகிற புதன்கிழமை கூப்பிடுவார்கள். தங்கை எப்படி நடக்கிறாள் என்று கேட்டால் "பழையபடியேதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இந்த வரியை அடிக்கப் போனேன், "அடிக்காதே, உன் லட்சணம் அவருக்கும் தெரியட்டும்" என்று உங்கள் மாப்பிள்ளை பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். சரி, கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள்தான் இன்னும் காணவே இல்லையே அண்ணா. செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடுங்கள். கதவை நானேதான் திறப்பேன். கொஞ்சம் நேரமாகும், நின்றுகொண்டிருங்கள்.