கண்ணை மூடினால் ஆயிரம் பேர்

"ஒட்டகத்தை மட்டும் விட்டுடுவோம்மா. அவனை ஒரு தடவை பார்த்தவங்க ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

"அவனை விட்டுட்டா கூடைப்பந்துக்கு யாரை நிறுத்தறது, ஐயா? நீங்க நிக்கறீங்களா?"

"சரி, இருக்கட்டும். ஆனா குனிஞ்சே ஓடச் சொல்லு."

இப்படி உத்தரவு போட்டவர் துணைவேந்தர். கேட்டுக்கொண்டிருந்தவள் அந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலர். பிள்ளைகள் அவளை 'நலம் அக்கா' என்பார்கள். ஒட்டகம் என்பது இரண்டாம் ஆண்டு இயற்பியல் படிக்கும் ஒரு நெட்டைப் பையன். அவன் கதவுக்குள் நுழையும்போது முதலில் முகவாய் வரும், கொஞ்ச நேரம் கழித்து மற்றதெல்லாம் வரும்.

பல்கலைக்கழகத்தைக் கட்டியவர்கள் பெரிய மனதோடு கட்டியிருந்தார்கள். மணிக்கூண்டு, ஆலயம், ஒன்பது துறைகள், மழை நாளில் குடையில்லாமலே சுற்றிவரக்கூடிய நீளமான தாழ்வாரங்கள். ஆயிரம் பேர் வருவார்கள் என்று நினைத்தார்கள். வந்தது நாற்பது சொச்சம். சில துறைகளில் மாணவர்களைவிட ஜன்னல்கள் அதிகம். வருகைப் பதிவு எடுக்கும் பேராசிரியர் தலையை நிமிர்த்தவே வேண்டியதில்லை. மூச்சுச் சத்தத்தை வைத்தே யார் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

இந்த நிலையில்தான் திருச்சபைக் கல்லூரிகளின் கூட்டமைப்பிலிருந்து தொலைபேசி வந்தது. செயலாளர் வருகிறார், மாணவர்களையும் கட்டடங்களையும் பார்க்க வேண்டுமாம்.

"பக்கத்துக் கல்லூரியை இப்படித்தான் ஒருத்தர் வந்து அமைதியாப் பார்த்துட்டுப் போனார்," என்றார் துணைவேந்தர். "இப்ப அது கோழிப்பண்ணை."

நலம் அக்கா பிள்ளைகளை நினைத்துக்கொண்டாள். மூடிவிட்டால் அவள் வேலை போவது இருக்கட்டும். அந்த நாற்பது பிள்ளைகளும் படிப்பின் நடுவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்கும். அவர்களில் யாருக்கு ராத்திரி விளக்கை அணைத்தால் பயம், யார் வீட்டை நினைத்துக் குளியலறையில் அழுவார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"கூட்டமைப்புக்கு எத்தனை பேர்னு சொல்லியிருக்கீங்க, ஐயா?"

"ஆயிரம்."

அவள் அவரையே பார்த்தாள்.

"பொய் இல்லம்மா. விசுவாசத்துல சொன்னேன்."

திட்டம் அவளுடையது. விருந்தாளியை முன்பக்கத் தாழ்வாரம் வழியாக மெதுவாக அழைத்துப் போவது. அவர் ஓர் இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியதும், அங்கே இருந்த நாற்பது பேரும் பின்பக்கத் தோட்டம் வழியாக ஓடி, சட்டையை மாற்றிக்கொண்டு, அடுத்த இடத்தில் போய் உட்கார்வது.

"அவர் நடக்கிற நேரத்துல ஓடி முடிக்க முடியுமா?"

"அதுக்குத்தான் ஜெபம் இருக்கே, ஐயா."

அந்தப் பல்கலைக்கழகத்தில் எதையும் ஜெபிக்காமல் தொடங்குவதில்லை. வகுப்புக்கு ஜெபம், தேர்வுக்கு ஜெபம், குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயடியில் ஜெபம். ஒவ்வொரு துறையின் வாசலிலும் நின்று கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கண்ணை மூடியவர் 'ஆமென்' வரும்வரை திறக்க மாட்டார். பிள்ளைகள் உட்கார்ந்ததும் உள்ளேயிருந்து ஒருவன் இருமுவான். அவள் ஆமென் சொல்லுவாள்.

"நாம ஒரு வார்த்தை பொய் சொல்லப் போறதில்லை," என்று அவள் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். "பிள்ளைங்க ஓடும். ஓடுறது பாவம்னு எங்கயும் எழுதல."

துணைவேந்தர் மட்டும் வரவேற்க வரவில்லை. பொய்க்குப் பக்கத்தில் நின்றாலே அவருக்குக் காது சிவந்துவிடும்.

செயலாளர் ஒல்லியான மனிதர். துக்க வீட்டுக்கு வந்தவர்போல அடங்கிய குரலில் பேசினார். காரை விட்டு இறங்கியதும் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவரின் அருகே போய் விரல் முட்டியால் தட்டினார்.

"கெட்டியான கட்டடம்தானே?"

இடிக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போடுகிறார். அவள் முந்திக்கொண்டாள். "ரொம்பக் கெட்டிங்க, ஐயா. இடிக்கவே முடியாது."

அவருடைய ஓட்டுநர் காரை மர நிழலில் விட்டுவிட்டு, தேநீர் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போனார்.

நூலகம் பிரமாதமாக அமைந்தது. நாற்பது தலைகள் நாற்பது புத்தகங்களுக்குள் கவிழ்ந்திருந்தன. ஒட்டகம் உட்கார்ந்திருந்தும் நிற்பவன்போலத் தெரிந்தான். செயலாளர் கடைசி மேஜையைக் காட்டினார்.

"இங்க யாரும் இல்லையே?"

"அதுக்கு எப்பவும் அடிதடிங்க, ஐயா. இப்பதான் எழுந்து போனாங்க."

செயலாளர் "ஓ" என்றார். அந்த 'ஓ' கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஆய்வுக்கூட வாசலில் சிக்கல் ஆரம்பித்தது. "இந்தத் தடவை நான் ஜெபிக்கிறேன்," என்றார் செயலாளர். "ஆண்டவரே, நன்றி. ஆமென்."

அவ்வளவுதான். இப்படி ஒரு ஜெபத்தை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. தோட்டத்து வேலிக்கு மேலாக ஒட்டகத்தின் தலை மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒரு சின்ன விண்ணப்பம், ஐயா," என்று அவசரமாக அவர் கையைப் பிடித்தாள். கண்கள் மறுபடி மூடின. அவள் நுண்ணோக்கிகளுக்காக ஜெபித்தாள். கண்ணாடிக் குடுவைகளுக்காக ஜெபித்தாள். அமிலங்கள் தங்கள் புட்டிகளிலேயே இருக்கும்படி ஜெபித்தாள். கடைசியில் இருமல் கேட்டது. ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. ஓடி வந்தவர்களுக்கு நிஜமாகவே இரைத்தது.

உள்ளே வெள்ளைக் கோட்டுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"ஏன் எல்லாருக்கும் மூச்சு வாங்குது?"

"ஆராய்ச்சி ஆர்வங்க, ஐயா."

செயலாளர் ஒட்டகத்தின் எதிரில் போய் நின்று மேலே பார்த்தார். "தம்பி, நீங்க நூலகத்துல இருந்தீங்கல்ல?"

"அது எங்க அண்ணங்க," என்றான் ஒட்டகம், யோசிக்காமல்.

பிள்ளைகள் வாயிலிருந்தும் பொய் விழுந்துவிட்டது. நலம் அக்கா கூரையைப் பார்த்தாள். இடி விழவில்லை.

இறையியல் துறையில் நிலைமை இன்னும் மோசம். பிள்ளைகள் அங்கிகளில் இருந்தார்கள். ஆள் போதாதென்று விடுதிச் சமையல்காரரும் ஓர் அங்கிக்குள் நின்றார். அவர் மீசையில் மாவு இருந்தது. ஒட்டகம் பின்வரிசையில் முழங்காலில் நின்றான். அப்படியும் முன்வரிசைக்கு மேலே தெரிந்தான்.

"இவர்?"

"கடைசித் தம்பிங்க, ஐயா," என்றாள் நலம் அக்கா. வேறு வழியில்லை.

செயலாளரின் கண்கள் கலங்கின. "ஒரே வீட்டுல மூணு பிள்ளைங்க. மூணு பேரையும் இங்கயே அனுப்பியிருக்காங்க. மூணு பேரையும் ஒண்ணா நிக்க வச்சு ஒரு படம் எடுத்துக்கறேனே?"

"பெரியவனுக்கு உடம்பு சரியில்லைங்க," என்று வாய் தானாகச் சொன்னது. "நூலகத்துலயே கொஞ்சம் இருமிக்கிட்டு இருந்தான். விடுதிக்குப் போய்ப் படுத்துட்டான்."

"அடடா. வாங்க, போய் ஜெபிச்சுட்டு வருவோம்."

விடுதிக்குப் போகும் வழியில் அவள் ஒவ்வொரு மரத்தையும் நட்டவர் யார் என்று விளக்கினாள். விடுதி வாசலில் நின்று ஒரு ஜெபம் செய்தாள். அதில் படுக்கை விரிப்புகள்கூட விட்டுப்போகவில்லை. செயலாளரோ நடுவழியில் இருந்த ஓர் அறைக்கதவைத் திறந்துவிட்டார். அறை வெறிச்சென்று கிடந்தது. ஒரே ஒரு கட்டில்.

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்ததை அவள் கவனித்தாள். பிடித்துவிட்டார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அது.

"இது காலியா இருக்கே, அம்மா?"

"காலியா? இதுல ஆறு பேருங்க, ஐயா."

"கட்டில் ஒண்ணுதானே இருக்கு?"

"முறை வச்சுத் தூங்கறாங்க."

செயலாளர் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு எந்தக் கதவையும் அவர் திறக்கவில்லை.

ஒட்டகம் நெற்றியில் ஈரத் துணியோடு படுத்திருந்தான். பாதங்கள் கட்டிலைத் தாண்டிப் பக்கத்து நாற்காலியில் இருந்தன. ஓடி வந்த வேர்வையில் உடம்பு கொதித்தது. செயலாளர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துப் பதறிப்போனார். தலைமேல் கைவைத்து ஜெபிக்கத் தொடங்கினார். நன்றி சொல்லத்தான் அவர் சுருக்கக்காரர். நோயாளி கிடைத்தால் அப்படியில்லை. உச்சந்தலையில் ஆரம்பித்து ஒவ்வொரு உறுப்பாக இறங்கினார். ஒட்டகத்துக்கு உடம்பு வேறு நீளம். அடுத்து அவன் கூடைப்பந்து மைதானத்தில் நிற்க வேண்டும். அவர் அப்போதுதான் ஈரலுக்கு வந்திருந்தார்.

"நீ இங்கேயே தூங்குப்பா, எழுந்திருக்கவே கூடாது," என்று முடித்துவிட்டு, அங்கியைக்கூடக் கழற்றாமல் விடுதிச் சமையலறைக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமையல்காரரையும் கூப்பிட்டுக் காவலுக்கு அறையில் உட்காரவைத்தார். "நீங்க இறையியல் படிக்கறவர்தானே? பக்கத்துல இருந்து பார்த்துக்கங்க."

ஒரே வீச்சில் இரண்டு ஆட்கள் போனார்கள்.

மைதானத்தில் பந்து போய்க்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களில் ஒருவருக்குத் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. தொப்பிக்குக் கீழே தெரிந்த மடல்கள் தக்காளி நிறத்தில் இருந்தன. பந்து வந்தால் அவர் வணக்கம் சொல்வதுபோல இரண்டு கைகளையும் கூப்பினார். பந்து மார்பில் பட்டுக் கீழே விழுந்தது.

"அந்தப் பெரியவர் யாரு?"

"ஆராய்ச்சி மாணவருங்க, ஐயா. ரொம்ப வருஷமா இருக்கார். ஆராய்ச்சி முடியவே மாட்டேங்குது."

"விளையாட்டுலயும் ஆர்வம் இருக்கே."

"ஆமாங்க. அதனாலதான் முடிய மாட்டேங்குது."

துணைவேந்தர் அந்த வழியாக ஓடும்போது, "அம்மா, எனக்கு மார் வலிக்குது," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள். ஆனால் செயலாளர் மைதானத்தின் ஓரத்தில் நின்று வெகுநேரம் மணிக்கூண்டைப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடைசியா ஒரே ஒரு ஆசை. எல்லா மாணவர்களையும் ஆலயத்துல ஒண்ணாப் பார்க்கணும். எவ்வளவு இடம் மிச்சம் இருக்குன்னு… தெரிஞ்சுக்கத்தான்."

ஆயிரம் பேர் உட்காரும் ஆலயம். நாற்பது பேரை உட்காரவைத்தால் புல்வெளியில் பட்டாணி சிந்தினதுபோல இருக்கும். நலம் அக்கா இத்தனை நேரம் ஜெபம் என்ற பெயரில் நேரத்தைக் கடத்தியவள், இப்போதுதான் உண்மையாக ஜெபித்தாள். கண்ணை மூடியதும் அந்த நாற்பது பேரும் பெட்டிகளோடு தெருவில் நிற்பது தெரிந்தது. திறந்தபோது யோசனை வந்திருந்தது.

ஆலயத்துக்கு ஒரே வாசல். நாற்பது பேரும் உள்ளே போய் இருக்கைகளில் பரவவில்லை. வாசலிலேயே முதுகைக் காட்டிக்கொண்டு, தோளோடு தோள் நெரித்து நின்றார்கள். உள்ளே ஒலிபெருக்கியில் பெரிய பாடகர் குழு ஒன்றின் பாட்டுப் பதிவை முழுச் சத்தத்தில் வைத்தாகிவிட்டது. வாசலில் நின்றவர்கள் தொண்டை கிழியக் கூடவே பாடினார்கள். தொப்பி போட்ட ஆராய்ச்சி மாணவர் அடித்தொண்டையில் முழங்கினார். கூரைப் புறாக்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

செயலாளர் படியில் ஏறி, நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தார். முதுகுகள்தான் தெரிந்தன.

"கொஞ்சம்கூட இடம் இல்லையா, அம்மா?"

"மூச்சு விடவே இடம் இல்லைங்க, ஐயா. பாதிப் பேர் ஜன்னல் மேல உக்காந்திருக்காங்க."

"ஒரு ஓரத்துலகூட?"

"ஒரு ஓரத்துலகூட இல்லைங்க."

அவர் மெதுவாகப் படியிறங்கினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் கையைப் பிடித்து, "நல்லா நடத்துறீங்க. கடவுள் உங்களை நிரப்பி வச்சிருக்கார்," என்று சொல்லிவிட்டு, காரில் ஏறித் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார்.

ஜெயித்துவிட்டோம். அவளுக்கு உட்கார்ந்து அழலாம்போல இருந்தது. ஆலயத்துக்குள் இன்னும் யாரும் பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல அவளுக்கு மனமும் இல்லை.

ஓட்டுநர் காரின் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

"என்னண்ணே, ஐயாவுக்குத் திருப்திதானே?" என்றாள் அவள்.

"திருப்தி எங்கம்மா," என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "எங்க பெரிய காலேஜ் இருந்த மலை போன மழையில சரிஞ்சு போச்சு. பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா தொள்ளாயிரம் பேரும் கூடாரத்துல உக்காந்து படிக்குதுங்க. மொத்தமா வேற இடத்துல கொண்டுபோய்ச் சேர்க்கணும்னு ஐயா அலையா அலையறார். இங்க எல்லாம் காலியாக் கிடக்குதுன்னு யாரோ சொன்னாங்க, ஆசையா ஓடி வந்தோம். இடம் இல்லாதவங்ககிட்டக் கேட்டு சங்கடப்படுத்தக் கூடாதுன்னு, நல்லாப் பார்க்காம வாயைத் திறக்க மாட்டார். வழியெல்லாம் பார்த்துட்டோம், எங்கயும் இடம் இல்லை."

அவர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே ஆலயத்தின் பக்கம் ஒரு தடவை ஏக்கமாகப் பார்த்தார்.

"பிள்ளைங்களே இல்லாத பல்கலைக்கழகம் ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சா, கொஞ்சம் சொல்லுங்களேம்மா."