கொல்லாமரத்தில் ஏறிய வம்சம்

சபை தொடங்கி இருநூறு ஆண்டு நிறைவதை முன்னிட்டு, இங்கே முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற முன்னோரை முறைப்படி நிர்ணயித்து, அன்னாரின் வம்சத்தில் ஒருவருக்குச் சபைப் பள்ளியில் காலியாக இருந்த ஆசிரியர் வேலையை அளிப்பது என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதாக என்றால், எதிர்த்துப் பேசிய இரண்டு பேரும் டீ குடிக்கப் போயிருந்த நேரத்தில்.

புதுக்கடைச் சந்தையில் வாழைக்குலை விற்கும் ஞானதாசனுக்கு அன்று ராத்திரி உறக்கம் வரவில்லை. மகள் ஜெனிலா பி.எட். முடித்து ஆறு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். முதல் முன்னோர் மாசிலாமணி தங்கள் குடும்பத்து ஆள்தான் என்று அவர் பிறந்த நாளிலிருந்து கேட்டு வருகிறார்.

சிக்கல் என்னவென்றால், அடுத்த தெரு ஜான்ரோஸும் பிறந்த நாளிலிருந்து அதையேதான் கேட்டு வருகிறார். அவர் மகன் பெனிஷும் பி.எட்.

பழைய பதிவேட்டைத் திறந்தார்கள். ஒரே நாளில் இரண்டு மாசிலாமணிகள். அப்பன் பெயரும் வீட்டுப் பெயரும் இருந்த இடத்தைக் கறையான் தின்றிருந்தது. குறிப்புப் பத்தி மட்டும் தப்பியிருந்தது. முதல் மாசிலாமணிக்கு நேரே, நாய் வளர்த்த வெள்ளைக்கார மிஷனரி எழுதியிருந்தார்: 'நல்லவர். நாயைக் கண்டால் மரத்தில் ஏறுகிறார்.' இரண்டாமவருக்கு நேரே: 'மறுவாரமே பழைய மதத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.'

"பயம் ரத்தத்தில் வருவது," என்றார் முன்னோர் நிர்ணய உபகுழுத் தலைவர் சத்தியதாஸ், ஓய்வுபெற்ற தாசில்தார். "ஆகவே மேற்படி நாயை வைத்தே மேற்படி வம்சத்தைக் கண்டுகொள்ளலாம்."

"மேற்படி நாய் செத்து இருநூறு வருஷம் ஆச்சே?" என்றார் பொருளாளர்.

"அதன் ஸ்தானத்தில் வேறொரு நாய் நியமிக்கப்படும்."

ஞானதாசனோ நாய்க்குப் பயந்தவரல்ல. சந்தை நாய்களெல்லாம் அவர் போடும் பரோட்டாத் துண்டில் வளர்ந்தவை. நாயைக் கண்டு பயந்து ஓட, வீட்டு முற்றத்தில் ஜெனிலா அவருக்குப் பயிற்சி கொடுத்தாள்.

"பேடிச்சு ஓடணும் அப்பா. நீங்க தக்கலை பஸ்ஸு பிடிக்க ஓடுத மாதிரில்லா ஓடுதீங்க."

"எனக்குப் பேடி வரலியே மக்கா."

"எனக்கு வேலை கெடைக்காதுண்ணு நெனச்சுக்கிடுங்க."

அப்போது ஓடிய ஓட்டத்தில் செருப்பு அறுந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்துக்கு நியமிக்கப்பட்ட நாய் வந்தது. கூட்டத்தைப் பார்த்து ஒரு குரை குரைத்துவிட்டு உட்கார்ந்தது. ஞானதாசன் பாய்ந்து, கிளை பரப்பி நின்ற பெரிய கொல்லாமரத்தில், அதாவது முந்திரி மரத்தில், ஏறினார். ஜான்ரோஸ் அடுத்த கிளையில்.

"நானாக்கும் முதல்ல ஏறினது!"

"நானாக்கும் ஒசரத்துல இருக்கேன்! எனக்கில்லா பேடி கூடுதல்!"

மரம் குலுங்கியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சத்தியதாஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, நீரு எதுக்கு ஓய் ஏறுதீரு?"

"எனக்க மருமவளும் பி.எட். ஆக்கும்."

அதன்பிறகு யாரும் தாமதிக்கவில்லை. பொருளாளர், பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம். வம்சம் இல்லாதவர்களுக்கு நாளைக்கு என்ன வருமோ என்று பள்ளியின் ஏழு ஆசிரியர்களும் ஏறினார்கள்.

கீழே ஜெனிலாவும் நாயும் மட்டும்.

"ஏட்டி மக்கா, ஏறு! சீக்கிரம் ஏறு!" என்று ஞானதாசன் கெஞ்சினார்.

ஜெனிலா குனிந்து நாயின் தாடையைத் தடவினாள். "அப்பா, இதுக்குப் பல்லே இல்ல."

"அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்," என்றது மேல்கிளை.

அவள் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். நாய் போன பிறகும் யாரும் இறங்கவில்லை. முதலில் இறங்குகிறவர் பயமில்லாதவர். பயமில்லாதவர், மறுவாரமே திரும்பிப் போனவரின் வம்சம். அந்த அவமானத்துக்கு யார் துணிவார்? வீடுகளிலிருந்து வந்த சோற்றுப்பொதி கயிற்றில் மேலே போனது.

திங்கட்கிழமை காலை பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஆசிரியர்கள் மரத்தில் இருந்தார்கள். ஜெனிலாவே மணியடித்து வகுப்பைத் தொடங்கினாள். வாய்ப்பாட்டுச் சத்தம் கொல்லாமரம் வரை கேட்டது. ஞானதாசனுக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் அவர் இறங்கவில்லை.

'வம்சச் சான்றின்றிப் பாடம் நடத்தியதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் அளிக்கவும்' என்று சத்தியதாஸ் குறிப்பாணை எழுதிக் கையெழுத்திட்டார். முப்பத்தெட்டுப் பேர் அதைக் கிளை கிளையாகக் கீழே கைமாற்றினார்கள். கடைசிக் கிளையில் அது நின்றது. சற்று யோசித்துவிட்டு, வந்த வழியே மேலே திருப்பி அனுப்பினார்கள், ஒரு குறிப்போடு:

'முகவரிதாரர் தரையில் இருக்கிறார்.'