மாவு ரைட்டரும் ஆறு மூட்டை கேழ்வரகும்

ஆரணியில் பட்டுப்புடவைக் கடை வைத்து நஷ்டப்பட்ட மனிதர், எனக்குத் தெரிந்து, ஒரே ஒருவர்தான். இந்த ஊரில் புடவைக் கட்டின் மேல் தலை வைத்துத் தூங்கினால்கூட எழுந்திருக்கும்போது நாலு காசு சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில் கடை திறந்து நாலே மாதத்தில் ஷட்டரை இறக்கிய பெருமை எங்கள் மாவு ரைட்டருக்கே சேரும்.

பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியும். தொடர்கதை எழுதியே தமிழ்நாட்டை அழவைத்தவர். ஆனால் எங்கள் தெருவில் அந்தப் பெயர் செல்லாது. பிற்பாடு மாவு மில் வைத்ததால் மாவு ரைட்டர், அவ்வளவுதான். மில்லுக்குப் பக்கத்துக் கடையில் நான் டிடிபி சென்டர் வைத்திருந்தேன். அவர் கதைகளைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது என் வேலை. கூலி கொடுப்பது அவர் வேலை, அதை மட்டும் அவர் செய்ததில்லை.

புடவைக் கடைக்கு என்ன கேடு என்றால், செய்யாறிலிருந்து ஒரு அம்மா மகளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க வந்தார். ரைட்டர் அரக்குப் புடவை ஒன்றை விரித்தார்.

"இதக் கட்டிகினு ஒரு பொண்ணு வாசல்ல நிக்கிறாம்மா. மழை கொட்டுது. புருஷன் வருவான் வருவான்னு பாத்துகினே இருக்கா. அவன் வரல."

"அப்புறம்?" என்றாள் கல்யாணப் பெண், கண் கலங்கி.

"அப்புறமும் வரல."

அந்த அம்மா மகளை இழுத்துக்கொண்டு நேராகக் காஞ்சிபுரம் பஸ் ஏறினதாகக் கேள்வி.

அடுத்து வந்தவாசி சாலையில் கோழிப்பண்ணை. வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மனுஷன் ஒவ்வொரு கோழிக்கும் பெயர் வைத்துவிட்டார். வியாபாரி வந்து தராசைத் தூக்கினால், "சுலோச்சனாவ விட்டுடுங்க, அவளுக்கு மனசு சரியில்ல" என்பார். சுலோச்சனா வயசாகித்தான் செத்தாள்.

பிறகுதான் பேங்க்கில் கடன் வாங்கி மாவு மில். எதிர்ச்சாரியில் ஏற்கெனவே ஒரு மில் ஓடிக்கொண்டிருந்ததால் இவர் மில்லில் ஈதான் ஓடியது. அந்தச் சமயம் வாரப் பத்திரிகையில் அவர் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. கதாநாயகி மரகதம். ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல் என்று எழுதினார். தறிக்காரர் வீட்டுச் செல்லம்மா ஒரு கிலோ கோதுமையோடு வந்து நின்றார்.

"இன்னா ரைட்டரே, அந்தப் பொண்ணுக்கு எப்பிடி கீது?"

ரைட்டருக்குப் பொறி தட்டியது. அடுத்த வாரமே மரகதத்தை ஐசியூவில் சேர்த்தார். மில்லில் கூட்டம் நெரிந்தது. ஒரே கோதுமையை நாலு பங்காக்கி, விசாரிக்க நாலு தடவை வந்தார்கள். மிளகாய் அரைத்த நாளில் எழுதிய பக்கங்களை அடிக்கும்போது என் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். "அவ்ளோ உருக்கமா இருக்கா?" என்று கேட்டார். மிளகாய் நெடி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். "ஆஸ்பத்திரி பில்ல யாரு கட்டறதுன்னு வாசகருங்க கேக்கறாங்க சார். ரெண்டு வாரத்துல முடிங்க."

அதே வாரம் பேங்க்கிலிருந்தும் ஆள் வந்தார். ஏற்கெனவே இரண்டு தவணை பாக்கி. ஆடி முடிவதற்குள் ஒரு தவணையாவது கட்டாவிட்டால் மில் போய்விடும்.

"கொன்னுடலாமா?" என்று என்னைக் கேட்டார் ரைட்டர். "கருமாதிக்கு மாவு இடிப்பாங்களே?"

நான் பதில் சொல்வதற்குள் செல்லம்மா தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். "தோ பாருங்க, மரகதம் பொழச்சா ஆடியில அம்மனுக்குக் கூழ் ஊத்தறதா வேண்டிகினு கீறோம். கேவுரு இங்கதான் அரைப்போம். பெரணமல்லூர்லருந்துகூட ஒரு மூட்டை வருது."

"மொத்தம் எத்தினி மூட்டை?"

"ஆறு."

அன்று மத்தியானமே மரகதம் கண்ணைத் திறந்துவிட்டாள்.

ஆறு மூட்டை அரைக்கிற கூலி சரியாக ஒரு தவணைக்குக் காணும். ஆடி மாதம் மூட்டைகள் வந்தன, நாள் முழுக்க மோட்டார் ஓடியது. தலை முதல் கால் வரை மாவாக ரைட்டர் நின்றார். செல்லம்மா மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

"எவ்ளோ ஆச்சு சொல்லுங்க."

ரைட்டர் பணத்தைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "வேண்டுதல் யாரு பேர்லம்மா?"

"இது இன்னா கேள்வி? மரகதம் பேர்லதான்."

எனக்கு உடனே கோழி சுலோச்சனா ஞாபகம் வந்தது. போச்சு என்று பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பிரயோஜனமில்லை.

"எம் பொண்ணுக்காக வேண்டிகினு வந்திருக்கீங்க. அதுக்கு நானே கூலி வாங்கறதா? எடுத்துகினு போங்கம்மா. ஜல்தி, கரைச்சு வெச்சாத்தான் நாளைக்குப் புளிக்கும்."

மாதக் கடைசியில் மில்லைப் பேங்க் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால், கூழ் ஊற்றிய அன்று, மாரியம்மன் கோயில் வரிசையில் கையில் சொம்போடு எனக்கு முன்னால் நின்றார் மாவு ரைட்டர். ஒரு வாய் குடித்துவிட்டுத் திரும்பினார்.

"டைப்பிங் பாக்கி உனக்கு எவ்ளோப்பா தரணும்?" வாழ்நாளில் முதல் தடவையாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். மூன்று மாதம் அவள் பக்கத்திலேயே நானும்தான் உட்கார்ந்திருந்தேன். மரகதம் எனக்கும் பொண்ணுதானே.