நமுத்துப் போகாத சரக்கு

எட்டாவதோடு நின்றவன் எழுத வந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிற ஆள் நான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்து பேரம் பேசினேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் மகள் மாரீஸ்வரி என்னோடு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி ஒட்டியவள். பழைய கம்ப்யூட்டர் வாங்கி, டிசைன் பழகி, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர் ஆர்டர் பிடித்தாள். தீபாவளி கழிந்து ஒரு மாதத்தில் பன்னிரண்டு தாளும் தர வேண்டும். சரியாக வந்தால் அங்கேயே வேலை. வெடிமருந்து வாடையோடு கம்பெனி வேனில் போய்வர வேண்டாம். ஆனால் பெரிய படத்தைத் திறந்தால் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். ரேம் என்கிற நினைவுச் சிப்பைக் கூட்ட வேண்டுமாம். புரட்டாசியில் பணம் கொடுத்து என்னைக் கம்ப்யூட்டர் கடைக்கு அனுப்பினாள்.

விலை ஏறிக்கொண்டே போகிறது, இன்றைக்கே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் கடைக்காரர். என்னிடமா? (இருபது வருஷமாகப் பட்டாசில் கிடக்கிறேன். தீபாவளி முடிந்தால் பாதி விலைக்குக் கூவி விற்பதைப் பார்த்தவன்.)

"தீபாவளி முடியட்டும்ங்க. மிச்சச் சரக்கை வச்சு என்ன செய்வீக? மழைக்கு நமுத்துப் போயிரும்ல?"

அவர் சிப்பை மறுபடி கண்ணாடி அலமாரிக்குள் வைத்தார். "இது நமுத்துப் போகாது அண்ணாச்சி."

தோற்றுப்போய்ச் சொல்கிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன். நான் இவ்வளவு உறுதியாகப் பேசி மாரீஸ்வரி பார்த்ததில்லை. அதனால் நம்பிவிட்டாள்.

தீபாவளி முடிந்து போனேன். விலை மூன்று மடங்கு. ஏஐ கம்பெனிகள் முன்பணம் கட்டி அள்ளுவதால், சிப் செய்கிறவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் செய்வதையே குறைத்துவிட்டார்களாம். இது எனக்குத் தெரியாததா? பெரிய ஆர்டர் வந்தால் எங்கள் கம்பெனியும் கம்பி மத்தாப்பை நிறுத்திவிட்டு எல்லாரையும் ஃபேன்சி வெடிக்குத் திருப்பும். மத்தாப்பு விலை ஏறும். தொழிலில் பாதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு பேரம் பேசப் போயிருக்கிறேன்.

பழைய சிப்போடு மல்லுக்கட்டினாள். கெடு நாளில் மே மாதத் தாள் வரைதான் ஆகியிருந்தது. "வருசத்துக்குப் பன்னெண்டு மாசம்மா," என்று மட்டும் சொன்னாராம் அச்சகக்காரர்.

இப்போதும் நான் இன்னொரு தோசை கேட்டால், "தீபாவளி முடியட்டும்ப்பா, விலை குறையும்," என்பாள். என் மனைவி சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன்.

கெடு முடிந்த மறுநாள், தீபாவளியோடு ஒரு மாதம் அடைத்திருந்த பட்டாசுக் கம்பெனி திறந்தது. காலை ஆறரை மணி வேனில் மாரீஸ்வரி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.