முழங்காலுக்குக் கீழே இரண்டு சிவப்பு நாடா

நான் தோற்றுப்போனதாக இதுவரை யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன். கோவில்பட்டியிலிருந்து டெல்லிக்கு ரயிலேறி, ஒரு தையற்கடையில் பித்தான் கட்டுகிறவனாக நுழைந்தவன். இன்று கரோல்பாகில் சொந்தமாக யூனிஃபார்ம் கடை வைத்திருப்பவன். நான் எதற்குத் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும்? ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டு ஹாலில் நடந்ததை என் மனைவி ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறாள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

என் மகள் செல்வி, குர்காவ்னில் தன்னோடு வேலை பார்க்கும் ஆண்ட்ரூவைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் ஸ்காட்லாந்துக்காரன். எனக்குத் தலையில் இடி விழுந்தது. சரி, பெண் சந்தோஷமாக இருந்தால் போதும் என்று எழுந்து உட்கார்வதற்குள் அடுத்த இடி: பையனின் அப்பா நம் வீட்டைப் பார்க்க வருகிறார். பெயர் டக்ளஸ், ரிட்டயர்டு காலேஜ் வாத்தியார். மூன்றாவது இடி அவருடைய போட்டோ. நாயைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறார், இடுப்பில் கட்டம் போட்ட பாவாடை!

"பாவாடை இல்லப்பா, கில்ட். அவங்க ஊர்ல ஆம்பளைங்க கட்டுறது" என்றாள் செல்வி.

யாரிடம் சொல்கிறாள்! டெல்லிப் பள்ளிக்கூடங்களில் குழல் ஊதி பேண்டு வாசிக்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் கட்டியிருக்கும் கில்ட் என் கையால் தைத்தது. (மீதிப் பாதியைத் தைத்தவனும் என்னிடம் தொழில் கற்றவன்தான்.) என் அதிர்ச்சி வேறு. அது பேண்டு வாசிக்கிறவர்களுக்கான யூனிஃபார்ம் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். ஒரு காலேஜ் வாத்தியார் சும்மா கடைக்குப் போகும்போது அதைக் கட்டுவார் என்று யார் கண்டது?

அந்த நிமிடமே முடிவு செய்தேன். நானும் கில்ட் கட்டித்தான் அவரை வரவேற்பேன். காரணத்தை அப்போது யாரிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். என் இங்கிலீஷ் கடை இங்கிலீஷ். காலேஜ் வாத்தியார் முன்னால் வாயைத் திறந்தால் என் ஐந்தாம் வகுப்பு வெளியே குதித்துவிடும். துணி பேசினால்? அதில் என்னை ஜெயிக்க எவன் இருக்கிறான்?

செல்வி அழாத குறை. "அப்பா, ப்ளீஸ், பேண்ட் போடுங்க. ஆண்ட்ரூவோட அம்மாவுக்கு இன்னும் மனசு முழுசா வரல. அங்கிள் வந்து பார்த்துட்டு என்ன சொல்றாரோ அதை வச்சுத்தான் அவங்க சரின்னு சொல்லணும்."

"அதனாலதாம்மா சொல்றேன். நீ பேசாம பாரு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு, "அச்சா, கட்டியே தீருவீங்கன்னா ஒழுங்காவாவது கட்டுங்க" என்று ஆண்ட்ரூவுக்கு போன் போட்டாள். அவன் சொன்னதைக் கேட்டு நான் ஆடிப்போனேன். கில்ட்டுக்கு நீளமான சாக்ஸ் போட்டு, முழங்காலுக்குக் கீழே மடித்துவிட வேண்டும். அது இறங்காமல் இருக்க மடிப்புக்குள்ளே ஒரு எலாஸ்டிக் பட்டை. அதற்குப் பெயர் கார்ட்டர். அதிலிருந்து இரண்டு நாடா நாக்கு மாதிரி வெளியே தொங்கும். பள்ளிக்கூட பேண்டுக்கு எல்லாம் ஒரே பளீர் சிவப்பில் போட்டு முடித்துவிடுவேன். சும்மா கட்டும்போது அப்படிச் செய்யக்கூடாதாம். சட்டையும் சாக்ஸும் அடக்கமாக இருக்க வேண்டுமாம். கில்ட்டின் கட்டங்களுக்குள் ஓடுகிற மெல்லிய கோடு ஒன்றைப் பிடித்து, அதே நிறத்தில் நாடா தொங்க வேண்டுமாம். சும்மா கட்டுவதற்கே இத்தனை சட்டமா? நம் ஊரில் சும்மா என்றால் சும்மாதான்.

பள்ளி ஆர்டரில் மிஞ்சியிருந்த துணியில் எனக்கொரு கில்ட் தைத்தேன். கரும்பச்சையும் நீலமும் கலந்த கட்டம், நடுவே மயிரிழை போல அரக்குச் சிவப்புக் கோடு. இடுப்பில் இரண்டு பக்கமும் தோல் வார் வைக்க வேண்டும். அதற்குப் பதிலாக வெல்க்ரோ வைத்தேன். பிள்ளைகள் சட்டென்று உடுத்திக் கழற்றுவதற்காக நானே கண்டுபிடித்த முறை. இழுத்தால் 'சர்ர்' என்று வந்துவிடும். (கவனித்துக்கொள்ளுங்கள்.) சாம்பல் நிற ஸ்வெட்டர், சாம்பல் நிற சாக்ஸ். எல்லாம் தயார். அரக்குச் சிவப்பு நாடா மட்டும் கிடைக்கவில்லை. சதர் பஜாரை மூன்று நாள் சல்லடை போட்டேன். ஒரு கடைக்காரன், "லால் தோ லால் ஹை, பையா!" என்றான். சிவப்பு என்றால் சிவப்புதானாம். இவனெல்லாம் நாடா விற்கிறான்!

கடைசியில் அந்தச் சிவப்பு என் பீரோவிலேயே இருந்தது. ரெடிமேட் உள்ளாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. பட்டை பட்டையாகக் கோடு போட்ட துணியில் பட்டாபட்டி டிராயர் நானே தைத்துப் போட்டுக்கொள்வேன். அந்தத் துணியில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. பச்சைப் பட்டை, அரக்குச் சிவப்புப் பட்டை. கில்ட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஆஹா! சிவப்பை மட்டும் வெட்டி, ஓரம் அடித்து, கார்ட்டரில் கோத்துவிட்டேன். எதிலிருந்து வெட்டினேன் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

ஞாயிற்றுக்கிழமை டக்ளஸ் வந்தார். காட்டன் பேண்ட்டும் கதர் ஜிப்பாவும் போட்டிருந்தார்! நம் ஊருக்கு மரியாதையாம். செல்வி என்னைப் பார்த்த பார்வையில் சாம்பலாகியிருப்பேன். ஆனால் டக்ளஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார், குனிந்தார், என் முழங்காலுக்குக் கீழே தொங்கிய நாடாவையும் கில்ட் கோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "பெர்ஃபெக்ட்!" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டுமா? காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் காலிங் பெல் அடித்தது. என் மனைவியின் பெரியப்பா. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு சர்க்கார் ஆபீஸை நடுங்க வைத்தவர். 'படிப்பில்லாத தையற்காரனுக்கா பெண்?' என்று குடும்பமே முறுக்கிக்கொண்டபோது, 'இவன்தான் மாப்பிள்ளை' என்று சொல்லி என் கல்யாணத்தை முடித்துவைத்தவர். அவர் தலை தெரிந்தால் நான் எழுந்துவிடுவேன். எழும்போதே கை இடுப்புக்குப் போய், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடும். பெரியவர்கள் முன்னால் முழங்கால் தெரிய நிற்கலாமா? நாற்பது வருஷப் பழக்கம், புத்தியைக் கேட்டு நடப்பதில்லை.

அவர் உள்ளே வந்தார். நான் எழுந்தேன். முழங்காலில் காற்று பட்டது. இரண்டு கையும் இடுப்புக்குப் போயின.

சர்ர்ர்ர்!

நாற்பது வருஷ மரியாதை மொத்தமும் தரையில் கிடந்தது. பாயசக் கரண்டியோடு என் மனைவி கல்லாக நின்றாள். செல்வி துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குக் குனியவும் தோன்றவில்லை, ஓடவும் தோன்றவில்லை. இடுப்புக்குப் போன கை பழக்கத்தில் தானாகக் கும்பிட, அப்படியே நிற்கிறேன்.

பெரியப்பாதான் முதலில் பேசினார். "ஏ மாப்ளே, மரியாதை போதும்யா. துணிய எடுத்துக் கட்டு."

டக்ளஸ் என் டிராயரைப் பார்த்தார். கார்ட்டர் நாடாவைப் பார்த்தார். மறுபடி டிராயரைப் பார்த்தார். மெல்ல ஏதோ சொன்னார். அதைச் செல்வி சொல்ல மாட்டேன் என்றாள்.

"சொல்லும்மா. இனிமே என்ன இருக்கு?"

"நாடாவை கில்ட்டோட மேட்ச் பண்றவங்களைப் பார்த்திருக்காராம். இவ்வளவு உள்ள வரைக்கும் மேட்ச் பண்ணின ஆளை இப்பதான் பாக்குறாராம்."

அவ்வளவுதான், கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன். பெரியப்பா தன் ஆபீஸ் இங்கிலீஷில் வேட்டி இறக்கும் வழக்கத்தை விளக்கினார். டக்ளஸ் எழுந்து பால்கனிக்குப் போய் மனைவிக்கு போன் போட்டார். செல்வி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். பத்து நிமிடம். உள்ளே வந்தவருக்குக் கண்ணில் தண்ணீர், சிரித்துச் சிரித்து. அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: கல்யாணத்தில் இவர் என்ன கட்டப்போகிறார்?

கல்யாணத்தில் வேட்டிதான் கட்டினேன். பெரியப்பா மேடையேறியபோது, கில்ட் கட்டியிருந்த டக்ளஸ் பாய்ந்து வந்து என் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். போட்டோகிராஃபர் சும்மா இருப்பானா? ஹாலில் இன்றைக்கும் அந்தப் படம்தான் தொங்குகிறது. வயதானவர் யாராவது வீட்டுக்கு வந்தால், நான் எழுவதற்கு முன்பே என் மனைவி சமையலறையிலிருந்து கத்துகிறாள்: "என்னங்க, கை!"

சிரிக்கட்டும். ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். அத்தனை களேபரத்திலும் என் கார்ட்டர் இரண்டும் ஒரு நூல்கூட இறங்கவில்லை.