மந்திரியின் அம்மா

பிள்ளைக்கு ஒன்று என்றால் தாய் புலியாகிவிடுவாள் என்பார்கள். அந்தப் புலி தவறான இடத்தில் பாய்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. நான் பாய்ந்திருக்கிறேன். துபாயில், ஜுமேராவில், ஒரு வில்லாவின் கூடத்தில், அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, கையில் முறுக்கு டின்னோடு.

அப்போது நாங்கள் அஜ்மானில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் முருகேசன் துபாயில் ஒரு கட்டட ஆலோசனை நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். நான் ஷார்ஜாவில் ஒரு கிளினிக்கில் மருந்தாளர். ஒரே பெண், நிவேதா. வயது ஒன்பது. அதற்கு முந்தின வருடம் பள்ளி ஆண்டு விழாவில் நான்கு வரிப் பாட்டு ஒன்றைச் சொல்ல மேடையேறியவள், இரண்டு வரி சொல்லிவிட்டு மூன்றாவது வரியைத் தேடிக்கொண்டு நின்றுவிட்டாள். கீழே இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். டீச்சர் டைரியில் எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். நான் இயல்பிலேயே கவலைப்படுகிறவள் (லிஃப்டில் ஏறுமுன் அதைக் கடைசியாக என்றைக்குச் சோதித்தார்கள் என்று உள்ளே ஒட்டியிருக்கும் தாளைப் படித்துவிட்டு ஏறுகிற ஆள்). இந்த விஷயத்தில் எனக்குத் தூக்கமே போனது.

அந்த நிலைமையில்தான் என் வீட்டுக்காரரின் அலுவலகத்துக்காரர்கள் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போனோம். கூட்டத்தில் நிவி தொலைந்துபோனாள். நான் மயக்கம் போடுவதற்கு வாகான இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ "அப்பா" என்று ஒரு சத்தம். கடற்கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. பாதிப் பேர் அப்பாக்கள் என்பதால் மட்டும் அல்ல. அப்படிப்பட்ட குரல் அது. சற்று நேரத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் குரல் உங்களுடையதா?" என்று என்னிடம் கேட்டார். "எனக்கு இது கொஞ்ச நாளைக்கு வேண்டும்."

அவர்தான் நவோமி. அலுவலகத்தின் மூத்த இன்ஜினியர் ஹாரியின் மனைவி. தென்னாப்பிரிக்காக்காரர்கள், யூதர்கள். அந்த ஊரில் அந்த நாட்களில் இந்தக் கடைசி விஷயத்தைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பல நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த சில யூதக் குடும்பங்கள் பண்டிகை நாட்களில் ஒரு வில்லாவில் கூடுவார்கள். அவர்களுக்காக நவோமியும் ஹாரியும் ஒரு சின்ன நாடகக் குழு நடத்தினார்கள். நாடகத்தை எழுதுவது, சொல்லிக்கொடுப்பது, திட்டுவது மூன்றும் நவோமி. திரை, விளக்கு, ராஜாவின் கிரீடம், எல்லாருக்கும் தேநீர், இவை ஹாரி. நடிக்க அவர்கள் பிள்ளைகள் போதாது என்பதால் தெரிந்தவர்கள் பிள்ளைகளைக் கடன் வாங்குவார்கள். ஒத்திகை வியாழக்கிழமைகளில்தான். வெள்ளி சாயங்காலம் சூரியன் விழுந்ததிலிருந்து சனி சாயங்காலம் வரை அவர்களுக்கு ஓய்வு நாள். ஊரே லீவில் இருக்கும் சனிக்கிழமையில் ஏன் ஒத்திகை வைக்கக்கூடாது என்று ஒரு மலையாளி அப்பா கேட்டதற்கு ஹாரி, "அன்றைக்குக் கடவுளே வேலை செய்யவில்லை, என்னை ஆணி அடிக்கச் சொல்கிறீர்களே" என்றாராம்.

நிவியைச் சேர்த்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். "இந்தா பாரு, இதப் பத்தி வெளிய யார்ட்டயும் பெருசா சொல்லிக்கிடாத. சத்தமில்லாம இருந்துட்டுப் போவோம்னு நெனைக்காங்க."

"நான் யார்ட்டங்க சொல்லப்போறேன்?" என்றேன். (திருநெல்வேலிக்கு ஃபோன் போட்டுச் சொல்வது வெளியே சொல்வதில் சேராது.)

நாடகம் பூரிம் என்ற அவர்களுடைய பண்டிகைக்கானது. ஒரு ராஜா, தன் ஜனங்களைக் காப்பாற்றுகிற ஒரு ராணி, ஒரு மந்திரி என்று பழைய காலத்துக் கதை. நிவிக்கு மந்திரி வேஷம்.

"ராணி வேஷம் குடுக்கலையாக்கும்?" என்றாள் ஃபோனில் என் நாத்தனார்.

"ராணிக்கு என்ன இருக்கு? மந்திரிதான எல்லாத்தயும் நடத்துவாரு."

"அதென்னமோ வாஸ்தவந்தான்" என்றாள்.

என்ன மாதிரி மந்திரி என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்டுவைத்திருக்கவில்லை. நிவி வீட்டில் மறுபடி பேச ஆரம்பித்திருந்தாள். குளியலறையில் ஆங்கிலத்தில் கட்டளை போடுவாள். பக்கத்து ஃபிளாட் ஃபிலிப்பினோ பெண் சுவரைத் தட்டும் அளவுக்குச் சத்தம் வரும். எனக்கு அது போதுமாக இருந்தது.

நாடகத்துக்கு ஒரு வாரம் முன்னால் நவோமி பெற்றோர் எல்லாருக்கும் இரண்டு பக்கக் கடிதம் ஒன்று கொடுத்து அனுப்பினார். டியூட்டி முடிந்து வந்து படிக்கலாம் என்று சமையலறையில் வைத்தேன். லிஃப்டில் ஒட்டிய தாளையெல்லாம் படிக்கிற நான் அதைப் படிக்கவில்லை. நாடகத்தன்று கொண்டுபோக முறுக்கு சுட்டபோது டின்னுக்கு அடியில் விரிக்கக் காகிதம் தேவைப்பட்டது. நல்ல கெட்டியான காகிதம். விரித்துவிட்டேன்.

நாடகம் வியாழக்கிழமை. என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு நிவியை முன்னாலேயே கூட்டிப் போய்விட்டார். நான் டியூட்டி முடித்து டாக்சி பிடித்தேன். ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் சாலையில் வியாழக்கிழமைச் சாயங்காலம் வண்டிகள் போகாது, நிற்கும்.

"பாய், ஜல்தி" என்றேன்.

பெஷாவர்க்கார டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "மேடம், ஆகே காடி, பீச்சே காடி. மே உட்கே ஜாவூ க்யா?" (முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. நான் பறந்தா போகட்டும் என்கிறார்.)

போய்ச் சேர்ந்தபோது நாடகம் தொடங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. முன்கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டில் சமையலறைக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டில் வேலை செய்யும் இலங்கை ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெண் திறந்தாள்.

"மெதுவா வாங்க அக்கா. உள்ளுக்குச் சத்தமாத்தான் இருக்கும். பயப்புடாதீங்க, அது அப்படித்தான்."

இப்படி எச்சரித்தும் கேட்காதவளை என்ன செய்வது? தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தின் கோடியில் ஒட்டுப்பலகை மேடை. அதன் நடுவில் என் மகள். கறுப்புக் கோட்டு, முக்கோணத் தொப்பி, ஒட்டு மீசை. ராஜா வேஷம் போட்ட பையன் மந்திரியின் பெயரைச் சொன்னான். அவ்வளவுதான், கூடமே இடிந்து விழுந்ததுபோல் ஒரு கூச்சல். (அந்தப் பெயரை இங்கே எழுதினால் இப்போதும் என் வீட்டில் யாராவது தட்டைத் தட்டுவார்கள் என்பதால் எழுதவில்லை.) முத்துமாலை போட்ட அம்மாள்கள் "ஊ... ஊ..." என்று ஊளையிட்டார்கள். கோட்டு சூட்டு போட்ட கிழவர் ஒருவர் நாக்கை நீட்டி, எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில்கூட நான் கேட்டிராத ஒரு சத்தத்தை எழுப்பினார். எல்லார் கையிலும் பால்பவுடர் டின்கள். உள்ளே எதையோ போட்டு என் மகளைப் பார்த்துக் கடகடவென்று ஆட்டினார்கள். காலால் தரையை உதைத்தார்கள். நிவி வாயைத் திறந்தாள். மறுபடி கூச்சல். அவள் உதடு நடுங்கியது. (மீசை நமைத்ததாம். பிறகு தெரிந்தது.)

முன்வரிசையில் ஓர் ஆள் எல்லாரையும்விட வேகமாக டின்னை ஆட்டிக்கொண்டிருந்தார். அது நிவியின் அப்பா.

கொஞ்சம் யோசித்திருக்கலாம். பெற்ற தகப்பனே ஆட்டுகிறாரே, ஏதோ காரணம் இருக்கும் என்று எந்த மனுஷிக்கும் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றியது, கூட்டத்தைக் கண்டால் இவருக்குப் புத்தி கெட்டுவிடும் என்பதுதான். அறுபது பேரைப் பிளந்துகொண்டு மேடையில் ஏறினேன். பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"நீங்கள்லாம் மனுஷங்களா? சின்னப் பிள்ளைய இப்படியா கூடி நின்னு கத்துவீங்க?" என்றேன் தமிழில். அது யாருக்கும் புரியவில்லை என்றதும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு எதற்கோ ஹிந்தியிலும்.

கூட்டம் கைதட்டியது. நானும் நாடகத்தில் ஒரு பாத்திரம் என்று நினைத்துவிட்டார்கள். ஓடிவந்த வேகத்தில் என் கையிலிருந்த டின்னும் கடகடத்திருக்கிறது, அவர்களுக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அந்தக் கிழவர் எழுந்து நின்று மறுபடி அதே சத்தத்தை எழுப்பினார்.

"நான் போலீசைக் கூப்பிடப் போகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எல்லா டின்னும் ஒரே நேரத்தில் நின்றது.

இவ்வளவு தூரம் சிரிக்கிற மாதிரி எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த இடத்தை அப்படி எழுத முடியவில்லை. ஓர் அம்மா தன் பையனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நிறையப் பேர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்கள். ஹாரி போய், ஏற்கெனவே மூடியிருந்த திரைச்சீலையை இன்னும் ஒரு தடவை இழுத்து மூடினார். மற்றவர்கள் சிரித்ததற்கே பேச்சை விட்டுவிட்ட பிள்ளைக்காகத்தான் ஏறினேன். ஆனால் வருடத்தில் ஒருநாள் பயமில்லாமல் சத்தம் போடலாம் என்று வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் சொன்ன வார்த்தை அது.

அந்த அமைதியில் என் முந்தானைக்குள்ளிருந்து நிவியின் குரல் வந்தது. "அம்மா, அவங்க அப்படித்தான் கத்தணும். நான்தான் கெட்டவன்."

பண்டிகையின் வழக்கமே அதுதானாம். கதையில் அந்தக் கெட்ட மந்திரியின் பெயர் வரும்போதெல்லாம், அது யார் காதிலும் விழாதபடி சத்தம் போட்டு அமுக்க வேண்டும். எவ்வளவு சத்தமோ அவ்வளவு நல்ல மந்திரி.

"ஏட்டி, கீழ எறங்கு" என்றார் அவர், மெதுவாக.

இறங்கும்போது டின் கையிலிருந்து நழுவியது. மூடி தெறித்து முறுக்கு மேடையெங்கும் உருண்டது. நவோமி வந்து குனிந்து பொறுக்கினார். கடைசியில் எண்ணெய் ஊறிய காகிதம் ஒன்று அவர் கையில் வந்தது. அவருடைய கடிதம். முதல் வரியை நான் அப்போதுதான் தலைகீழாகப் படித்தேன். சத்தம் எதற்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், யாரும் பயந்துவிடக் கூடாது என்பதற்காக, என்று இருந்தது. அவர் கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இவர் மந்திரியின் அம்மா" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஐந்து நிமிடம் இடைவேளை. முறுக்கு இருக்கிறது."

என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு டின்னைக் கொடுத்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "எங்கள் ராணியும் தன் ஜனங்களுக்காக யாரையும் கேட்காமல்தான் ராஜாவின் சபைக்கு உள்ளே போனாள்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நாடகம் தொடர்ந்தது. மந்திரியின் பெயர் வந்தது. ஜனங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தூங்கும் குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல் டின்னை ஆட்டினார்கள். நிவியும் அதற்கேற்ற மாதிரி மெதுவாகப் பேசினாள். கடைசிக் காட்சியில் அவள் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அஜ்மான் திரும்பும்போது வண்டியில் அவள் சொன்னது மட்டும் கேட்டது. "அவங்க கத்துனது எனக்குப் பிடிச்சிருந்ததும்மா. நான் வந்தாலே எல்லாரும் கத்துனாங்க."

அவர் சாலையைப் பார்த்தே ஓட்டினார். நான் மீசைப் பசையைத் துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவள் நடிக்கவில்லை. நவோமி இரண்டு தடவை கூப்பிட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். அடுத்த வருடம் வில்லாவில் நாடகமே இல்லை. "இந்தத் தடவை சின்னதாக, வீட்டோடு" என்று ஹாரி என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். என்னால்தானா என்று கேட்டுவரச் சொன்னேன். "அத எப்படிட்டி கேக்க?" என்றார். அதற்கடுத்த வருடம் வேலை முடிந்து அவர்கள் ஊருக்குப் போனார்கள். அதற்குள் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் நினைத்தேன். முறுக்கு சுட்டு என் வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பியதோடு சரி. பதிலுக்கு ஒரு பால்பவுடர் டின் வந்தது. உள்ளே கொண்டைக்கடலை. மேலே நவோமியின் கையெழுத்தில், "மந்திரியின் அம்மாவுக்கு."

அந்த டின்தான் இன்று வரை எங்கள் வீட்டை ஆள்கிறது. நான் கவலைப்பட்டு எதையாவது ஆரம்பித்தால் அவர் அதை எடுத்து ஆட்டுவார். கதை திருநெல்வேலிக்கும் போய், என் பெயரைச் சொன்னாலே நாத்தனார் பிள்ளைகள் தட்டில் கரண்டியால் அடிக்க ஆரம்பித்தார்கள். நிவி மட்டும் அதில் சேர மாட்டாள். சிரிப்பாள், அவ்வளவுதான். கல்லூரி போய், வேலைக்குப் போய், அளந்து பேசுகிற பெண்ணாகத்தான் வளர்ந்தாள்.

போன ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். வரவேற்பில் மைக்கைப் பிடித்தவர், "மணமகளின் தாயார் திருமதி செண்பகவல்லி முருகேசன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். உடனே மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் டின் சத்தம், ஊளை, தரையில் கால் உதைப்பு. என் வீட்டுக்காரர் பட்டு வேட்டிக்குள்ளிருந்து அந்தப் பழைய டின்னை எடுத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, மேடையிலிருந்து, மாலையும் கழுத்துமாக நின்ற என் மகளின் குரல் வந்தது. கடற்கரையையே திருப்பிய அந்தக் குரல். எத்தனை வருடம் கழித்துக் கேட்கிறேன்.

பக்கத்தில் இருந்த சம்பந்தியம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெண்ணின் தாயைச் சபையில் வைத்து இப்படிக் கேலி செய்கிறார்களே என்று நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். அந்தப் பாதி எழுதல் எனக்கு நன்றாகத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உக்காருங்க மதினி. அவங்க அப்படித்தான் கத்தணும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். சொன்னவுடன்.