ஆஜர் சாருக்குக் கிடைச்ச கேடயம்

ராஜ்யங்களை ஜெயிச்சவங்க உலகத்துல எத்தனையோ பேர். ஏழு வருஷம் ஒருநாள்கூட லீவு போடாம ஒரு பம்பு கம்பெனியோட ஸ்டோர் ரூமை ஜெயிச்ச மாவீரர் ஒருத்தர்தான். ‘ஆஜர் சார்’னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க.

காய்ச்சல் நூத்திரெண்டு அடிச்சப்பவும் வந்து வாஷர் எடுத்துக் கொடுத்தவர். பொண்ணு பொறந்த சேதியையே, போல்ட்டு வாங்க வந்த வெல்டர் சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டார்.

நிர்வாகம் சும்மா இருக்குமா? கூட்டம் போட்டு, மைக் பிடிச்சு, கேடயம் கொடுத்துச்சு. கூடவே ‘குடும்பச் சுற்றுலா’: கடற்கரை ஓட்டல்ல நாலு நாள், மூணு டிக்கெட்.

வீட்ல சம்சாரம் நம்பல.

“நெஜமாவா? நீங்களும் வரீங்களா?”

“பரிசே எனக்குத்தானேடி!”

ஆறு வயசுப் பொண்ணு, “அப்பாகூட கடல்ல குதிப்பேன்”னு அப்பவே பையில துணியை அடைக்க ஆரம்பிச்சிருச்சு. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. மறுநாள் வாழ்க்கையிலேயே முதல் லீவு லெட்டர் எழுதினார்.

மேனேஜர் அதை செத்த எலியைத் தூக்குற மாதிரி ரெண்டு விரல்ல பிடிச்சார்.

“என்ன சார் இது? நீங்களா?”

“நீங்க குடுத்த டூருக்குத்தான் சார்.”

“டூர் எதுக்குக் குடுத்தோம்?”

“லீவே போடாததுக்கு.”

“இப்ப லீவு போட்டா?”

ஆஜர் சார் யோசிச்சார். “டூர்... கெடையாதா சார்?”

“கரெக்ட்! கேடயமும் திரும்பி வந்துரணும். விதி பதினொண்ணு.”

“அப்போ எப்படித்தான் சார் போறது?”

“போக வேண்டியது குடும்பம். நீங்க போகணும்னு எங்கயாவது எழுதியிருக்கா?”

சர்க்குலரை ரெண்டு தடவை படிச்சுப் பார்த்தார். எழுதல.

சம்சாரம் சட்டுனு ஒரு வழி சொன்னாங்க. “அந்தத் தகரத்தை அவங்க மூஞ்சியிலேயே வீசிட்டு வாங்க. கடலும் வேணாம், ஓட்டலும் வேணாம். நாலு நாள் எங்ககூட வீட்ல இருங்க, போதும்.”

“ஏழு வருஷம்டி! விளையாடுறியா?”

அவங்க தம்பிக்கு போனைப் போட்டாங்க. மூணாவது டிக்கெட்ல அவன் போனான். பொண்ணு அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு கடல்ல குதிச்சுது.

அந்த ஓட்டல்லயும் ஒரு போட்டி: ‘மிக மகிழ்ச்சியான குடும்பம்’. முதல் பரிசு இவங்களுக்கேதான்!

சேதி கேட்டு நிர்வாகம் பூரிச்சுப்போய், அந்த போட்டோவைப் பெருசா பிரிண்ட் போட்டு நோட்டீஸ் போர்டுல ஒட்டுச்சு. மாமன் தோள்ல பொண்ணு, பக்கத்துல சம்சாரம், மூணு பேரும் வாய் நிறைய சிரிப்பு.

வெல்டர் உத்து உத்துப் பார்த்தார். “சார், இதுல நீங்க எங்க?”

“நான் இல்லப்பா. நான்தான் ஜெயிச்சவன்.”

மேனேஜர் வந்து தோள்ல தட்டினார். “பாத்தீங்களா சார்! நீங்க இல்லாமலே எவ்வளவு சந்தோஷமா இருக்காங்க! இனிமே வீட்டைப் பத்தின கவலையே இல்லாம வேலைக்கு வரலாம்.”

ஆஜர் சார் கையெடுத்துக் கும்பிட்டு, நன்றி சொன்னார்.